புறா இஸ்லுவினின் தங்கை

மோர்வித்தின் பேரை நான் முதலில் கேட்டது மார்கட் அத்தையின் சமையலறையில். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அன்று திங்கட்கிழமை, ஊரே துணி துவைக்கிற நாள். வீடு முழுக்க சோப்பு ஆவி. ஈரத்துணி பிழிகிற உருளையைச் சுற்றிக்கொண்டே அத்தை தன் மகனைப் பற்றி என் அம்மாவிடம் சொன்னாள்.

"நம்ம கெத்தினுக்கு வேற எங்கயும் பொண்ணு கெடைக்கல போல. கேட்டு வீட்டு மோர்வித்தைப் பிடிச்சிருக்கான்."

"எந்த மோர்வித்? புறா இஸ்லுவினோட தங்கச்சியா?"

"அவளேதான். அந்தப் பொண்ணுக்கு வாய் மூடவே மூடாது. தூங்கும்போதாவது மூடுமாடான்னு கெத்தின்கிட்ட கேட்டேன். எனக்கெப்படிம்மா தெரியும், இன்னும் கல்யாணம் ஆகலையேங்கறான்."

அம்மா சிரிக்கத் தொடங்கியவள், மேசைக்கு அடியில் நான் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அப்படித்தான் அவள் பேர் எனக்கு வந்து சேர்ந்தது, அண்ணன் பேருக்குப் பின்னால், ஒரு சிரிப்போடு. ஊரில் யாரும் அவளை மோர்வித் ப்ரோபர்ட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் புறா இஸ்லுவினின் தங்கைதான்.

கேட்டு வீடு என்பது பாலத்தின் தலைமாட்டில் இருக்கிற சின்னக் கல்வீடு. எங்கள் பாலம் ரயில் பாலம் அல்ல. ரயில் வருவதற்கு ரொம்ப முன்னால், குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இரும்புத் தடத்தில் இழுத்துப்போன காலத்தில், சுற்றுவட்டார நிலமெல்லாம் சொந்தமான பெரிய வீட்டுக்காரர்கள் கட்டின கல்பாலம் அது. ஆற்றுக்கு மேலே வளைவு வளைவாக நிற்கும். இரும்பை எடுத்துவிட்டார்கள். அதை இறுக்கி வைத்த கற்கள் மட்டும், நடுவில் ஓட்டையோடு, வரிசையாக அப்படியே கிடந்தன. மழை பெய்தால் ஓட்டைகளில் தண்ணீர் நிற்கும், சிட்டுக்குருவி குளிக்கும். டிராம் பாலம் என்றுதான் சொல்லுவோம். இந்தப் பக்கம் ஊரும் கடையும் சாரோன் என்கிற எங்கள் கிறிஸ்தவ சபையும். அந்தப் பக்கம் அக்கரை வரிசை, ஒன்றோடொன்று ஒட்டின சுரங்கக்காரர் வீடுகள். அக்கரை வரிசைக்கு வேறு வழி கிடையாது. பின்னால் மலை, முன்னால் ஆறு.

கேட்டு வீட்டுக்குக் கேட்டும் கிடையாது. போன உலக யுத்தத்தில் இரும்பு வேண்டும் என்று கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு கல்தூண் மட்டும், ஆளுக்கொரு இரும்பு வளையத்தோடு நின்றது. பிள்ளைகள் அந்த வளையத்தில் தொங்குவார்கள். மோர்வித்தின் அப்பா ஏபெல் ப்ரோபர்ட் சுரங்கத்தில் ஒரு காலை விட்டவர். அதற்கப்புறம் பெரிய வீட்டு எஸ்டேட்காரர்கள் அவரை அந்த வீட்டில் குடிவைத்தார்கள், வாடகை இல்லாமல். இல்லாத கேட்டுக்குக் காவல்காரன் என்று ஊர் அவரைக் கேலி செய்யும். அவரும் சிரிப்பார். அவர் போன பிறகு வீடு இஸ்லுவினுக்கு வந்தது. அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பின்கட்டில் புறாக்கூடு போட்டான். புறாக்கள் பந்தயத்தில் ஜெயித்தன. சபையை நடத்துகிற பெரியவர்களில் ஒருத்தனாக, மூப்பனாகவும் ஆனான். குரல் நல்ல குரல், ஜெபம் பண்ணினால் கடைசி வரிசைவரை கேட்கும்.

கெத்தினுக்கும் மோர்வித்துக்கும் கல்யாணம் சாரோனில்தான் நடந்தது. முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணை அக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாண ஜோடி போகிற வழியில் கயிறு கட்டி மறிப்பது வழக்கம். மாப்பிள்ளை சில்லறை வீசினால்தான் கயிறு இறங்கும். அன்று நாங்கள் பிள்ளைகள் எல்லாம் இரண்டு தூணுக்கும் நடுவே கயிறு பிடித்து நின்றோம். கெத்தின் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே நின்றான். இஸ்லுவின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கயிற்றைத் தன் கையால் தூக்கிப் பிடித்தான்.

"போம்மா தங்கச்சி. இந்தப் பாலத்துல நீ போக யாருக்கும் ஒரு காசு கொடுக்கத் தேவையில்ல."

எங்களுக்குத்தான் ஏமாற்றம். ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றாள் என் அம்மா.

மார்கட் அத்தை பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. மோர்வித் பேசினாள், அது உண்மை. பாலத்தின் இந்த முனையில் பேச ஆரம்பித்தால் அந்த முனை போய்ச் சேருவதற்குள் ஊர்க்கதை முழுவதும் முடிந்துவிடும். ஆனால் கெத்தின் வேலை முடிந்து கரிமுகத்தோடு வந்து, தொட்டியில் உட்கார்ந்து முதுகு தேய்த்துக்கொள்ளும்போது அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பான். சுரங்கத்துக்குள்ளே பேச்சு கிடையாது, அதனால் வீட்டில் ரேடியோ வைத்திருக்கிறேன் என்பான். நெஸ்டா என்று ஒரு மகள். அவ்வளவுதான் குடும்பம்.

இனி டிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள், கோடையில், சாரோன் ஞாயிறு பள்ளி டிரிப். பேர்தான் ஞாயிறு பள்ளி. போவது மொத்த ஊர். சபைப் பக்கமே தலைவைக்காத குடிகாரன்கூட அன்று வந்துவிடுவான். முதலில் ரயிலில் போனோம், ரயிலை நிறுத்தின பிறகு பஸ்ஸில். பாரி தீவுக் கடற்கரையில் இறங்கி, மணலில் கம்பளம் விரித்து, காற்றில் மண் கலந்த ரொட்டியைத் தின்று, கிழவிகள் பாவாடையை முட்டிவரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் நிற்க, இருட்டுவதற்குள் பாடிக்கொண்டே திரும்புவோம். அன்றைக்கு ஊரில் ஒரு புகைபோக்கியில்கூடப் புகை வராது.

இஸ்லுவின் மட்டும் வரமாட்டான். பஸ் ஏறினால் வாந்தி வரும் என்பான். அதோடு, யாராவது ஒருத்தர் இருக்க வேண்டாமா? எல்லார் வீட்டுப் புறாவுக்கும் தீனி, கோழிக்குத் தண்ணீர், நாய்களுக்கு எலும்பு, யாரோ வளர்த்த பன்றிக்குக் கஞ்சி. வீட்டுச் சாவியைக்கூட அவனிடம் விட்டுப் போனவர்கள் உண்டு. போதகர் ஒவ்வொரு வருஷமும் பஸ் கிளம்புவதற்கு முன்னால் அவனுக்காகத் தனியாக ஒரு ஜெபம் செய்வார். பிறருக்காகத் தன் மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்கிற சகோதரன் என்று.

மோர்வித் முதல் நாளே அவனுக்குத் தனியாகச் சமைத்து வைப்பாள். மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட கறிப் பை ஒன்று, உலர்ந்த திராட்சை போட்டு இரும்புக் கல்லில் சுட்ட கேக் ஒரு தட்டு. வரும்போது எங்கே கடித்தாலும் உள்ளே அந்தக் கடற்கரையின் பேர் தெரிகிற மிட்டாய்க் குச்சி வாங்கி வருவாள். வயசான மனுஷன், மூப்பன், அதைச் சப்பிக்கொண்டே புறாக்கூட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான்.

ஒரு வருஷம் அவளுக்கு மனசு கேட்கவில்லை. "இந்தத் தடவை நான் இருந்துக்கறேன். நீ முன்சீட்ல உக்காந்து போய்ட்டு வா. வாந்தி வந்தா போதகர் மடியில எடு" என்றாள்.

"நீ போ. பிள்ளை கடலைப் பாக்கணும்."

"நெஸ்டாவை இவ கூட்டிட்டுப் போவா. நான் இருக்கேன்னு சொல்றேன்ல." என்னைத்தான் காட்டினாள்.

"போன்னா போ, மோர்வ். இது என் வேலை."

கொஞ்சம் கோபமாகவே சொன்னான். அன்புதான் அப்படி வருகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். கெத்தினுக்கு நெஞ்சில் தூசி ஏறியிருந்தது. நாலு எட்டு நடந்தால் பாலத்தின் கைச்சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தத் தூசிக்கு நஷ்டஈடாக வந்த பணத்தில் அக்கரை வரிசை வீட்டை விலைக்கு வாங்கினார்கள். எல்லா வீட்டையும் மலிவாக விற்ற நேரம். "என் மூச்சைக் கொடுத்து உனக்குக் கூரை வாங்கியிருக்கேன். ஓட்டை விழுந்தா நீயே அடைச்சுக்க" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தான். அதற்கப்புறம் இரண்டு குளிர்காலம் இருந்தான். நெஸ்டா நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போனாள். மோர்வித் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். தனியாக என்று சொல்லக்கூடாது. நாள் தவறாமல் பாலத்தைக் கடந்து வருவாள், ரொட்டிக் கடை, என் வீடு, கேட்டு வீடு, திரும்ப அக்கரை.

ஒரு நாள் தூணில் ஒரு பலகை அடித்திருந்தது. எஸ்டேட்காரர்கள் அக்கரையில் தங்களுக்கு இருந்த நிலம் முழுவதையும் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு விற்கப்போகிறார்கள். வரிசைக்குப் பின்னால் மலை மாதிரி கிடக்கிற கரிக்கழிவு மேட்டைக் கழுவி மிச்சக் கரியை எடுக்கிற கம்பெனி. அவர்களுக்குப் பாலம் வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது. பாலம் எஸ்டேட்டின் சொந்தப் பாதை, சுரங்கம் நடக்கிறவரை சுரங்கக்காரர்களுக்கு விட்டிருந்தோம், சுரங்கமே இல்லை, அதனால் இனி இல்லை. பலகை சொன்னது இதுதான்.

வீடு மோர்வித்தின் வீடு. ஆனால் வீட்டுக்கு வழி இல்லை. வழி இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் சட்டத்தைச் சொன்னார். ஒரு வழியில் ஜனங்கள் தலைமுறையாக, யார் தடுப்பும் இல்லாமல் நடந்திருந்தால் அது ஜனங்களின் வழி ஆகிவிடும். சொந்தக்காரன் அதைத் தன் வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டுமானால், வருஷத்துக்கு ஒரு நாளாவது அடைத்து வைத்திருக்க வேண்டும்.

"ஒரு நாளா?" என்று மோர்வித் சிரித்தாள். "அப்போ ஜெயிச்சாச்சு. கேட்டே இல்லாத எடத்துல எதை அடைக்கிறது?"

நகரத்துக்கு மனுப் போட்டோம், விசாரிக்க ஒரு அதிகாரி வருவார் என்று பதில் வந்தது. அந்த வசந்தம் முழுக்க அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பாலத்தின் மேல் சவப்பெட்டி சுமந்தவர்கள், பேண்டு வாசித்துப் போனவர்கள், காதலித்தவர்கள், எல்லாரையும் சாட்சி சொல்லக் கூப்பிட்டாள். காதலித்தவர்கள் மட்டும், மனைவிமார் பக்கத்தில் இருந்ததால், யோசித்தார்கள். கடைசிச் சாட்சியாக இஸ்லுவினை வைத்திருந்தாள்.

"வாசல்லயே பொறந்து வாசல்லயே இருக்கிறவன். மூப்பன் வேற. அவன் எந்திரிச்சு நின்னா அந்த அதிகாரி தொப்பியைக் கழட்டிருவான்."

நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவனிடம் கேட்டாள். அவன் ஒரு புறாவின் காலில் வளையம் மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வருவேன், மோர்வ். உள்ளதைச் சொல்லுவேன்."

"அது போதும்" என்றாள் அவள்.

தொழிலாளர் மன்றத்தில்தான் விசாரணை. நகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், தொப்பி இல்லாத ஆள். உட்கார இடம் இல்லாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். மலைமேல் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த மோசஸ் க்விலிம்கூடக் கடைசியில் நாயோடு நின்றார். மோர்வித்துக்காகத்தான் வந்திருந்தார். பனிக்காலத்தில் அவருக்கு ரொட்டி வாங்கி வைப்பது அவள்தான்.

மோர்வித் நன்றாகப் பேசினாள். எஸ்டேட் வக்கீல் மரியாதையான பையன், குரல் உயர்த்தவே இல்லை.

"அம்மா, நீங்க தினமும் அந்தப் பாலத்துல போவீங்களா?"

"தினமும். எனக்கென்ன இறக்கையா இருக்கு?"

கூட்டம் சிரித்தது.

"ஒரு நாள்கூட அடைச்சதில்ல?"

"ஒரு நாள்கூட இல்ல. சத்தியமாச் சொல்றேன்."

"ஞாயிறு பள்ளி டிரிப்புக்குப் போவீங்களா?"

"போகாம? அம்மா வயித்துல இருக்கும்போதே போயிருக்கேன்."

"ஊர்ல எல்லாருமே போவாங்களா?"

"எல்லாரும். நாயும் புறாவும்தான் மிச்சம். தம்பிக்கும் வரணும்னா ஒரு சீட் போட்டு வைக்கிறேன்."

மறுபடி சிரிப்பு. வக்கீலும் சிரித்து, நன்றி சொல்லி உட்கார்ந்தான். இவ்வளவுதானா இவன் கேள்வி என்று எங்களுக்குத் தோன்றியது. அடுத்து அவன் இஸ்லுவின் ப்ரோபர்ட்டைக் கூப்பிட்டான். மோர்வித் என் காதோடு சொன்னாள். "ஆள் தெரியாம கூப்பிடுறான் பாரு. நமக்கு நல்லதுதான்."

இஸ்லுவின் சபைக்குப் போடுகிற கறுப்புக் கோட்டில் வந்திருந்தான். பைபிளில் கை வைத்தான். தங்கையைப் பார்க்கவில்லை. ஜெபத்தில் கேட்கிற அதே குரல், கடைசி வரிசைவரை கேட்டது.

"வருஷத்துக்கு ஒரு நாள் அடைப்பேன். அந்த வீட்டுல குடியிருக்கிறதுக்கு அதுதான் ஏற்பாடு. அப்பா காலத்துல கேட்டு இருந்துச்சு, சாத்துவார். கேட்டு போனதுக்கப்புறம் தூணுக்குத் தூண் சங்கிலி."

"எந்த நாள், மிஸ்டர் ப்ரோபர்ட்?"

"டிரிப் நாள். காலையில கடைசி பஸ் வளைவு திரும்பினதும் போடுவேன். சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள எடுத்துருவேன்."

நீங்க என்றான். வக்கீலைப் பார்த்துச் சொல்லவில்லை, எங்களைப் பார்த்துச் சொன்னான்.

எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் போதகரின் ஜெபம்தான். எத்தனை வருஷம், எத்தனை ஆமென்.

கசாப்புக்கடை ரெஜி முதலில் எழுந்தான். "அவன் சங்கிலி போட்டதை யார் பாத்தா? நாங்க அத்தனை பேரும் கடல்ல நின்னோம். யாரும் பாக்காம போட்டா அது அடைச்சதா? இன்னிக்கு அவன் என்ன வேணா சொல்லலாமே."

நியாயமான கேள்விதான். அதிகாரிகூடப் பேனாவைக் கீழே வைத்தார். அப்போது கடைசியிலிருந்து மோசஸ் க்விலிம் தொண்டையைச் செருமினார். அவர் மலைக்காரர், எங்கள் சபை இல்லை, டிரிப்புக்கும் வந்ததில்லை.

"நான் பாத்திருக்கேனே" என்றார். "வருஷா வருஷம். அன்னிக்கு ஆடு ஓட்டிட்டு வந்தா சங்கிலி கெடக்கும். இஸ்லுவின் முன்னால நாற்காலி போட்டு உக்காந்து கறிப் பை தின்னுட்டிருப்பான். இன்னிக்கு வழி கெடையாது மோசஸ்ம்பான். நான் ஆத்துல எறங்கிச் சுத்திப் போவேன்." எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்துத் தடுமாறினார். "நீங்க எல்லாரும் சேந்து பண்ற ஏற்பாடுன்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியாதா?"

நல்ல மனுஷன். உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். மேலே இருக்கிற பண்ணைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஊரைக் காலி பண்ணிவிட்டுப் போவோம், அதை எங்கள் ஒற்றுமை என்று பெருமை பேசினோம்.

மோர்வித் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். விரல் பதிந்த இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. ஆனால் அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் பாலத்தைக் கடந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலையில் கேட்டு வீட்டுக்குப் போனாள். நீயும் வா என்றாள், போனேன். இஸ்லுவின் மூன்று கோப்பை எடுத்து வைத்துத் தேநீர் ஊற்றினான். அவள் உட்காரவில்லை.

"நான் பொய் சொல்ல முடியாது, மோர்வ். பைபிள்ல கை வெச்சுட்டுப் பொய் சொல்ல முடியுமா?"

"உன்னைப் பொய் சொல்லச் சொன்னது யாரு? நேத்து ஒரு நாள் உண்மை சொன்னே. மத்த நாளெல்லாம் என்ன பண்ணிட்டிருந்தே?"

அவன் கோப்பைக்குள் பார்த்தான். "யாரையும் தடுக்க வேண்டாமேன்னுதான் அந்த நாளை வெச்சோம். அப்பா யோசிச்சு வெச்ச நாள் அது. ஒருத்தரும் இல்லாத நாள்ல போட்டா யாருக்கு நஷ்டம்? சும்மா ஒரு சடங்குன்னாரு. ஒத்தக்கால் மனுஷன், வீடு போனா நம்மளைக் கூட்டிட்டு எங்க போயிருப்பாரு?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் கரண்டியை எடுத்துத் தேநீரைக் கலக்கினான்.

"இஸ்லுவின், அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவ என்னோட டிரிப்புக்கு வருவாளே. என் பக்கத்துல உக்காந்து பாடுவாளே."

"உனக்குச் சொல்ல வேண்டாம்னு அவதான் சொன்னா. உன் வாய்ல எதுவும் நிக்காதுன்னு."

மோர்வித் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பின்கட்டில் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன.

"சரி, அப்போ நான் பிள்ளை. அப்புறம்? கெத்தின் மூச்சை வித்து அந்த வீட்டை வாங்கினானே, அன்னிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாங்காதே மோர்வ், அந்த வீட்டுக்கு வழி இல்லன்னு. நீதானே பத்திரத்துக்குச் சாட்சியா வந்து நின்னே. நீதானே அன்னிக்கு ஜெபம் பண்ணினே."

"அவன் அவ்வளவு சந்தோஷமா இருந்தான்" என்றான் இஸ்லுவின். "எனக்குச் சொல்ல வாய் வரல."

"நம்ம குடும்பத்துல வாய் எனக்கு மட்டும்தான் போல."

"இங்க வந்துரு, மோர்வ். மேல ரூம் சும்மாதான் கெடக்கு. இந்த வீட்டை எனக்கு உயிர் இருக்கிறவரைக்கும் எழுதிக் கொடுக்கிறதாச் சொல்லியிருக்காங்க. சாட்சி சொன்னதுக்கு..." பாதியில் நிறுத்திக்கொண்டான். வாய் தவறி வந்துவிட்டது.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை, கேட்க விரும்பவும் இல்லை. "அப்போ பைபிளுக்காக மட்டும் இல்ல" என்றாள். என்னைப் பார்த்து, "வா, போகலாம். டீ ஆறிப்போச்சு" என்றாள். டீயில் ஆவி பறந்துகொண்டுதான் இருந்தது.

தீர்ப்பு இலையுதிர் காலத்தில் வந்தது. பாலம் எஸ்டேட்டுடையது. அக்கரை வரிசைக்காரர்களுக்குக் கம்பெனி ஒரு தொகை கொடுத்தது. கவுன்சில் பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் அடுக்கு வீடு கொடுத்தது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மோர்வித் கடைசியாக இருந்தாள். எஸ்டேட் ஏஜென்ட் அவளைத் தேடிப்போய், சாமான் வண்டிக்காக ஒரு நாள் பாலத்தைத் திறந்துவிடுகிறோம், எங்கள் தயவு என்று சொன்னான்.

"உங்க தயவுல போற வழி எனக்கு வேண்டாம்" என்றாள்.

மோசஸ் க்விலிம் டிராக்டரும் இழுவண்டியும் கொண்டுவந்தார். விசாரணைக்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார். அவள்தான் ஆள் அனுப்பி வரச் சொன்னாள். ஆடுகள் கடக்கிற துறையில், ஆற்று வழியாகவே சாமானைக் கொண்டுபோனார்கள். நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். வெள்ளம் இல்லை, ஆனாலும் அலமாரியின் அடிப்பாகம் நனைந்து கறுத்துவிட்டது. அவள் இழுவண்டியில் நாற்காலி போட்டு, மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே பாலத்தின் வளைவு. கேட்டு வீட்டு வாசலில் இஸ்லுவின் நின்றிருந்தான். அவள் நிமிரவில்லை. "மோசஸ், ஆட்டை இவ்வளவு நாளா இந்தத் தண்ணியிலயா ஓட்டினே? பாவம் அதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கடுத்த கோடையில் டிரிப் போனோம். பாதிப் பஸ் காலி. புறாவை இஸ்லுவினிடம் யாரும் விடவில்லை. ரெஜி தன் நாயை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான், அது வழியெல்லாம் வாந்தி எடுத்தது. அதற்குப் பிறகு டிரிப் நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது.

கரி கழுவ வந்த கம்பெனி சில வருஷத்தில் நொடித்துப் போனது. அதற்குள் அக்கரை வரிசையை இடித்துத் தரைமட்டம் ஆக்கியிருந்தார்கள். பிறகு கவுன்சில் பாலத்தை வாங்கியது. பழமையான பாலம், காப்பாற்ற வேண்டும் என்று இப்போது கைப்பிடிக் கம்பி போட்டு, பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ சைக்கிளில் வருகிறார்கள், ஓட்டைக் கற்களைப் படம் பிடிக்கிறார்கள். வருஷம் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. மோர்வித்தின் வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

இஸ்லுவின் அந்தக் கேட்டு வீட்டில்தான் செத்தான். கடைசி வருஷங்களில் புறாக்களை விற்றுவிட்டான். மூப்பர் பொறுப்பையும் அவனே விட்டுவிட்டான் என்று சொன்னார்கள், விட வைத்தார்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கல்லறைவரை ஆண்கள்தான் போவார்கள், பெண்கள் வீட்டில் ரொட்டி வெட்டிக்கொண்டிருப்போம். அதனால் தங்கை வரவில்லை என்று யாரும் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. ஆனால் ரொட்டி வெட்டுகிற மேசையிலும் அவள் இல்லை. அவளிடம் நானே போனில் சொன்னேன். அவள், நெஸ்டாவுக்கு இரட்டைப் பிள்ளை என்றும், ஒன்று இடதுகைப் பழக்கம் என்றும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அடுக்கு வீட்டுப் படி ஏற முடியாமல் போனபோது நெஸ்டா வந்து கூட்டிப்போனாள். மோர்வித் இப்போது தூரத்து நகரமான ஸ்விண்டனில், மகள் வீட்டில், கீழ்த்தளத்து முன்னறையில் இருக்கிறாள்.